மேற்கே வளர்ந்த படம்

மணக்கொல்லைக் குப்பத்தில், புயலுக்குப் பிறகு கட்டிய பாதுகாப்புக் கட்டடத்தின் வடக்குச் சுவரில் காத்தாயியின் படத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போன மறுவாரமே, அந்தப் படம் மேற்குப் பக்கமாக வளர ஆரம்பித்தது. நாளுக்கு ஒரு விரற்கடை. மேலேயும் வளரவில்லை, கீழேயும் வளரவில்லை, கடல் இருந்த கிழக்குப் பக்கம் அசையவே இல்லை. மேற்கே மட்டும், தண்ணீர் ஊறுவது போல, சத்தமில்லாமல் சுவரில் நீண்டுகொண்டு போயிற்று. ஒரே ராத்திரியில் கடல் ஊருக்குள் வந்ததையும் ஊர் தண்ணீருக்குள் போனதையும் கண்ணால் கண்ட சனங்களுக்கு, ஒரு படம் நீளுவது அப்படியென்ன பெரிய அதிசயம்? இடப்பக்கத்துச் சட்டம் விரிசல் விட்டபோது தச்சர் நாகப்பனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் சட்டத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, "வளர்ற பொருளுக்கு என்னாத்துக்குச் சட்டம், அது பாட்டுக்கு வளரட்டும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

அந்தப் படத்தை உலகத்துக்கே தெரியும். புயலடித்த மறுநாள் காலையில், இடிந்துபோன கரையில் ஒருத்தி மண்டியிட்டு, முடி காற்றில் பறக்க, இரண்டு கையையும் கடலை நோக்கி நீட்டிக் கதறுகிறாள்; காலை வெயில் அவள் முகத்தில் நேராக விழுகிறது; அவள் முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர். கிரிதரன் என்கிற பத்திரிகைப் புகைப்படக்காரன் எடுத்தது. 'கடலிடம் நியாயம் கேட்கும் தாய்' என்று அதற்குப் பெயர் வைத்து, வெளிநாட்டில் பரிசும் கொடுத்தார்கள். நிவாரணம் செய்த அறக்கட்டளை அதைக் காலண்டரில் அச்சடித்துக் குப்பத்தில் வீட்டுக்கு வீடு கொடுத்தது. காத்தாயி வீட்டுக்கும் ஒன்று வந்தது. அவள் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டு, தேதி தெரிய வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருவாள். அங்கேயும் அவள்தான் அழுதுகொண்டிருப்பாள். ஊரில் இன்னொரு காத்தாயி இருந்ததால் இவளைப் 'போட்டோக் காத்தாயி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே பேராக நிலைத்துவிட்டது.

கட்டடத் திறப்பு விழாவுக்கு ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்திருந்தார். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிய அந்தப் படத்தைத் தடியால் சுட்டிக் காட்டி, "இடப்பக்கத்து வெறுமையைக் கவனியுங்கள். நம் கண்ணுக்கு அங்கே தங்க இடமில்லை. அதனால் திரும்பத் திரும்ப அந்தத் தாயின் முகத்துக்கே வந்து சேருகிறது. அந்த வெறுமைதான் இந்தப் படத்தின் உயிர்" என்றார். முதல் வரிசையில் காத்தாயி பொன்னாடையோடு உட்கார வைக்கப்பட்டிருந்தாள். அவருக்கென்ன தெரியும் பாவம், படித்ததைச் சொன்னார். குப்பத்துப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்ததைப் பார்த்தார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் வேம்பம்மாள் சத்தமாகவே கேட்டுவிட்டாள்:

"எல்லாஞ் சரிதான். இவ ஏன் கெழக்கால பாத்துக்கிட்டு அழுவுறா? தண்ணிதான் ஊருக்குள்ளாற மேக்கால போயிடுச்சே. புள்ளையத் தேடுறவ மேக்கால பாத்துல்ல அழுவா?"

காத்தாயியின் புருஷன் கலியமூர்த்தி தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

வேம்பம்மாள் கேட்டது எப்பேர்ப்பட்ட கேள்வி என்று தெரிய வேண்டுமானால் மணக்கொல்லையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடலில் ஓர் ஆள் படகிலிருந்து தவறி விழுந்துவிட்டால் மற்றவர்கள் எஞ்சினைத் திருப்புவார்கள், கயிறு வீசுவார்கள், கத்துவார்கள், குதிப்பார்கள். ஒருவன் மட்டும் எதுவும் செய்யக் கூடாது. அவன் கண் நிற்பவன். விழுந்தவனின் தலை தெரிந்த இடத்தை விட்டு அவன் பார்வை நகரக் கூடாது. பெற்ற அப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. அலைகளெல்லாம் ஒரே சாயல், ஒருமுறை கண்ணை எடுத்தால் மறுபடி அந்த இடம் கிடைக்காது. அவனுக்குக் கண் எரிந்தால் இன்னொருத்தன் பக்கத்தில் வந்து நின்று, அதே இடத்தில் பார்வையை ஊன்றி, "நான் புடிச்சிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் முதல் ஆள் இமையை மூடலாம். நீச்சல் தெரியாதவனைக்கூடக் கடலுக்கு அழைத்துப் போவார்கள், கண் நிற்கத் தெரியாதவனை அழைத்துப் போக மாட்டார்கள்.

புயலன்று, பள்ளிக்கூடக் கட்டடத்தை நோக்கி ஊரே இடுப்பளவுத் தண்ணீரில் ஓடியபோது காத்தாயியின் கையிலிருந்து அபிநயாவின் கை நழுவியது. ஏழு வயதுப் பிள்ளை. தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் கவுனைக் கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்து அதையே போட்டுக்கொண்டிருந்தது. விடிந்ததும் கலியமூர்த்தி, மேற்கே கருவேலங்காடு முழுக்கத் தேங்கி நின்ற தண்ணீரைக் காட்டி, "அங்கதான் எங்கயாச்சும் ஒதுங்கியிருப்பா. நான் வடக்கால சுத்திக்கிட்டு எறங்குறேன். நீ கண்ணு நில்லு, காத்தாயி. என்னா நடந்தாலும் கண்ண எடுக்காத" என்று சொல்லிவிட்டு ஓடினான். அவளும் நின்றாள்.

அப்போதுதான் காலில் பூட்ஸும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஓர் ஆள் வந்தான். காத்தாயி அவனைச் சர்க்கார் ஆள் என்று நினைத்தாள். படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் பெரிய படகு வரும், ஹெலிகாப்டர் வரும், பிள்ளையைத் தேடுவார்கள் என்று நினைத்தாள். அவன் மரியாதையாகத்தான் பேசினான்: "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. வெளிச்சம் முகத்துல விழணும்." அவள் திரும்பினாள். கையை நீட்டியது அவன் சொல்லி அல்ல, கதறியதும் அவன் சொல்லி அல்ல. அதெல்லாம் தானாக வந்தது. திரும்பியது மட்டும் அவன் சொல்லி. போதும் என்று அவன் தலையாட்டும்வரை வெளிச்சத்தைப் பார்த்தபடியே இருந்துவிட்டு, மறுபடி மேற்கே பார்த்தபோது அதே தண்ணீரும் அதே கருவேலங்காடும்தான் இருந்தன. உச்சிவேளையில் முகத்துவாரம் உடைத்துக்கொண்டு, தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் கடலுக்குத் திரும்பியது. அது இழுத்துக்கொண்டு போனதில் வைரக்கண்ணுவின் பச்சைப் படகு மட்டும் பிறகு தெற்குக் கரையில் உடைந்து கிடைத்தது. அபிநயா கிடைக்கவில்லை. கண்ணை எடுத்ததைக் காத்தாயி யாரிடமும் சொல்லவில்லை, கலியமூர்த்தியும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவர்கள் வீட்டில் மூன்றாவது ஆளாகக் கூடவே குடியிருந்தது.

இப்போது படம் வளர்கிறது, அதுவும் மேற்கே. பிள்ளை அதில் வருவாளா என்று காத்தாயிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வந்துவிடுவாளோ என்றும் அடித்துக்கொண்டது.

ஊருக்கு அந்தப் படம் பேப்பர் படிப்பது மாதிரி ஆகிவிட்டது. காலையில் மீன் ஏலம் முடிந்ததும் ஆணும் பெண்ணும் கட்டடத்துக்கு வந்து, இன்றைக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கஞ்சி குடிக்கப் போவார்கள். விழுந்த தென்னை வந்தது. மாரியம்மன் கோயிலின் பாதி வந்தது, மறுநாள் மீதிப் பாதியும் வந்தது. செத்துப்போன ஆட்டைக் கண்டு ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். இத்தனை வருஷமாக, "அம்மன் செலைய நான்தான் தோள்ல தூக்கிக் காப்பாத்துனேன்" என்று பீற்றிக்கொண்டிருந்த சந்தானம் ஒருநாள் தோளில் டிவிப் பெட்டியோடு வந்து சேர்ந்தான். அவன் பின்னால் அவன் பெண்டாட்டி அம்மனை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தாள். ஊர் சிரித்த சிரிப்பில் அவன் நாலு நாள் கடலுக்குப் போகவில்லை.

சிரிப்பு அத்தோடு நின்றது. அடுத்து வந்தவள் பூங்கோதை. புடவையைத் தண்ணீர் உருவிக்கொண்டு போக, பாவாடையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பார்க்கக் கூடாத கோலத்தில் நின்றிருந்தாள். ஊரே பார்த்த பிறகுதான் அவள் பார்த்தாள். அப்படியே சுவரோரம் சுருண்டு உட்கார்ந்தவளை நாலு பெண்கள் மறைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே ஊர்த் தலைவரான நாட்டார் தெய்வசிகாமணி கூட்டம் போட்டு ஒரு முறை வகுத்தார். இனிமேல் ஓர் ஆள் படத்தில் தலைகாட்டுகிறார் என்று தெரிந்ததும் அந்த இடத்தில் ஒரு துணித்துண்டைக் குத்திவிட வேண்டும். முழுசாக வந்த பிறகு அந்த ஆளைத் தனியாக அழைத்துக் காட்டி, "ஓம் மொகத்தக் காட்டலாமா?" என்று கேட்க வேண்டும். காட்டலாம் என்றால் துணி இறங்கும், வேண்டாம் என்றால் துணி அப்படியே இருக்கும். செத்தவர்களுக்காக வீட்டு ஆட்களைக் கேட்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. இதை முகம் கேட்பது என்றார்கள். பிறகு அந்தச் சுவரில் முகங்களும் துணிகளுமாக, பார்க்கவே ஒரு தினுசாக இருந்தது.

"காத்தாயிய யாராச்சும் கேட்டமா?" என்றாள் வேம்பம்மாள். உலகம் பூராவும் போன முகம் அது.

"அத அப்பறம் பாக்கலாம்" என்றாள் காத்தாயி. "மேக்கால என்னா வருதுன்னு மொதல்ல பாப்பம்."

வந்தது கலியமூர்த்தி. முதலில் அரைக்கால் சட்டையும் வெற்று முதுகும் வந்தன. பிறகு முகம் வந்தது. கடைசியில் நீட்டிய கை, மேற்கைச் சுட்டிக்கொண்டு. முகம் கேட்டபோது அவன் வந்து பார்க்காமலே "காட்டுங்க" என்று சொல்லியனுப்பிவிட்டதால் துணி இறங்கியது. வடக்கே ஓடிக்கொண்டிருந்தவன் ஓட்டத்திலேயே தலையை மட்டும் பின்னால் திருப்பி, கிழக்கே பார்த்துக் கதறிக்கொண்டிருந்த தன் பெண்டாட்டியைப் பார்த்து, வாயைத் திறந்து எதையோ கத்திக்கொண்டிருந்தான். அந்தக் கை எதைச் சொல்கிறது என்று மணக்கொல்லையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண் நிற்க வைத்திருக்கிறான், அவள் எடுத்துவிட்டாள். கூட்டம் கலைந்து போயிற்று. தெருவில் அவளைக் கடந்து போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏசியிருந்தால்கூடத் தேவலை என்று காத்தாயிக்கு இருந்தது.

அன்று மத்தியானம் கலியமூர்த்தி வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பாத்திகளா?"

"அன்னிக்கே பாத்துட்டேன் நான். கூப்புட்டேன். காத்து அந்தப் பக்கம் அடிச்சிது." ஊசி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "திரும்பி வந்திருக்கலாம் நானும். இந்தா திரும்பிடுவா, இந்தா திரும்பிடுவான்னு நெனச்சிக்கிட்டே ஓடிட்டேன்."

"இத்தன வருசமா ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிடுவ. சொன்னதுக்கப்பறம் நான் என்னா பண்றது?"

அவன் அழவில்லை. அவளும் அழவில்லை. புயலுக்குப் பிறகு அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததே இல்லை. அதுதான் காலண்டரில் தினமும் அழுகிறதே என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். சாயங்காலம் நாட்டார் தேடி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "வேணாம்னா சொல்லிடு, காத்தாயி. செவுத்தையே பூசி மூடிடுவம். ஊரு ஒண்ணும் சொல்லாது" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

"வளரட்டும் மாமா" என்றாள் காத்தாயி.

செய்தி எப்படியோ எட்டி, கிரிதரன் வந்தான். காதோரம் நரைத்திருந்தது. கட்டட வாசலில் நாட்டார் அவனை நிறுத்தி, கேமராவை வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார். அவன் செருப்பையும் சேர்த்து விட்டுவிட்டுப் போனான். சுவர் நெடுகத் துணியும் முகமுமாக நீண்டிருந்த தன் படத்தைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை. தலை குனிந்து, "இதெல்லாம் நான் எடுத்ததுதான், வெட்டினதும் நான்தான்" என்றான். அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை. அந்தப் படத்தால்தான் இந்தக் கட்டடமே வந்தது, பின்னாளில் வந்த அடுத்த புயலில் இங்கேதான் ஊர் உயிர் பிழைத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

மறுநாள் காலையில் படம் பச்சையாக விடிந்தது. கருவேலங்காட்டின் ஓரத்தில், கவிழ்ந்த ஒரு படகின் பச்சை அடிப்பக்கம். "என் படகு" என்றான் வைரக்கண்ணு. அதன் மேல், கட்டை விரல் நகத்தளவுக்கு ஒரு மஞ்சள் தெரிந்தது. வேம்பம்மாள் முறைப்படி துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இரு" என்று காத்தாயி அவள் கையைப் பிடித்தாள்.

கிட்டப் போய்ப் பார்த்தார்கள். மஞ்சள் கவுன். ஒரு கை படகின் அடிக்கட்டையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை தலைக்கு மேலே உயர்ந்து, விரல்கள் விரிந்து, தாய் இருந்த திசையைப் பார்த்து நின்றது. படத்தில் எதுவும் அசையாது. ஆனால் அது ஆடிக்கொண்டிருந்த கை என்று தெரிய யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. படகு மரங்களுக்கு வெளியே மிதந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், காற்று எதிரில் அடிக்க, குரல் எட்டாமல், பிள்ளை உயிரோடு உட்கார்ந்து அம்மாவைக் கையாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கிரிதரனுக்குக் குரல் உடைந்தது. "பிளாஸ்டிக் குடம்னு நினைச்சேன். சத்தியமா குடம்னுதான் நினைச்சேன். மஞ்சளா ஒரு புள்ளி, அங்க இருந்து கண்ணைக் கண்ணை இழுத்துச்சு. உங்க முகத்தைப் பாக்க விடாம இழுத்துச்சு. அதான் அந்தப் பக்கத்தை வெட்டிட்டேன்."

காத்தாயி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கண்ண இழுத்திச்சா?" என்றாள். "அதுக்குத்தானே தம்பி கைய ஆட்டுனா."

நாட்டார் முறைப்படி, வாய் குழறக் கேட்டார்: "காத்தாயி... புள்ள மொகத்தக் காட்டலாமா?"

அவள் வேம்பம்மாளின் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள். சுவரோரமாகவே கிழக்கே நடந்து, பூங்கோதையின் துணியையும் கோயிலையும் தென்னையையும் தாண்டி, மண்டியிட்டுக் கையை நீட்டிக் கதறிக்கொண்டிருந்த தன் முகத்துக்கு முன்னால் வந்து நின்றாள். உலகம் முழுக்க அறிந்த அந்த முகத்தின் மேல் துணியைப் போட்டு, நாலு பக்கமும் குத்தினாள்.

"இந்த மொகத்த ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல. இப்ப நான் சொல்றேன், காட்ட வேணாம்" என்றாள். பிறகு மேற்கே கையைக் காட்டினாள். "அபிய மூடாதிய. கூப்புடுற புள்ள அது. பாக்கட்டும்."

சொல்லிவிட்டுத் திரும்ப நடந்துபோய், மஞ்சளுக்கு நேர் எதிரில் நின்று, அதில் பார்வையை ஊன்றினாள். படம் அத்தோடு வளர்வதை நிறுத்திக்கொண்டது. அவள் கண் நிற்கிறாள் என்று ஊருக்குப் புரிந்துவிட்டதால் யாரும் அவளைக் கூப்பிடவில்லை, பிடித்து உட்கார வைக்கவில்லை, குறுக்கே நடக்கவும் இல்லை. கஞ்சி கொண்டுவந்த பெண்கள் அவள் வாய்க்கு நேராகக் கிண்ணத்தைப் பிடித்தார்கள். வேண்டாம் என்பதையும் அவள் மஞ்சளைப் பார்த்தபடியேதான் சொன்னாள். வெயில் சன்னல் வழியே வந்து தரையில் நகர்ந்து போயிற்று. கண் சிவந்து வீங்கியது, இமை துடித்தது, அவள் மூடவில்லை.

பொழுது சாயும்போது கிரிதரன் மெல்ல வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவனும் அந்த மஞ்சளைப் பார்த்தான். "நீங்க உக்காருங்கம்மா. நான் பாத்துக்கிறேன்" என்றான். மனசாரத்தான் சொன்னான், பாவம்.

"நீங்க தள்ளி நில்லுங்க தம்பி" என்றாள் காத்தாயி, கோபமில்லாமல். "ஒங்க கண்ணு வேற எடத்துக்குப் போயிடும்."

அவன் தள்ளிப் போய்ச் சுவரோரம் நின்றான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் கலியமூர்த்தி வந்தான். கடலிலிருந்து நேராக வந்திருந்ததால் மேலெல்லாம் உப்பு வெளுத்திருந்தது. யாரையும் ஒன்றும் கேட்காமல், அவள் தோளோடு தோள் படுகிற மாதிரி நின்று, அவள் பார்த்த இடத்தையே பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை, காத்திருந்தாள்.

"நான் புடிச்சிட்டேன்" என்றான்.

அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் காத்தாயி கண்ணை மூடினாள். மூடிய இமைக்குள்ளிருந்து, புயலுக்குப் பிறகு முதல் தடவையாக, தண்ணீர் வந்தது.